முதல் தட்டு இல்லாத கதை

1

வருடத்துக்கு ஒருமுறை நான் இந்த ஊர்ப் போலீஸ் ஆபீசுக்குப் போய் முகத்தைக் காட்டிவிட்டு வர வேண்டும். பருத்தித்துறையில் பிறந்தவன் திருவனந்தபுரத்தில் சம்பளம் வாங்குவதற்கு விதி அது. மூன்றாம் வருடமாக இம்முறை போனபோது, நான் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்த படிவத்தைச் சரிபார்ப்பதற்காக ஒரு கான்ஸ்டபிள் உரத்து வாசித்தார். பெயர், தகப்பன் பெயர், பிறந்த இடம், உயரம், இடது புருவத்தில் ஒரு தழும்பு. எல்லாவற்றையும் மலையாள ராகத்தில் இழுத்து வாசித்தார். எனக்குப் பின்னால் நின்ற பத்துப் பேரும் ஆர்வமாகக் கேட்டார்கள். நானும் கேட்டேன். இன்னொருவர் வாயில் வரும்போது என்னுடைய சரித்திரமே கொஞ்சம் சுவாரசியமாக இருந்தது. அந்தத் தழும்பு எப்படி வந்திருக்கும் என்று அறிய எனக்கே ஆசை உண்டாயிற்று.

அந்த நேரம் பார்த்து என் சட்டைப் பையில் அத்தானின் கடிதம் இருந்தது. அத்தான் என்றால் அக்காவின் புருஷன். லண்டனில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறார். யுத்தத்தில் கண் இழந்தவர்களுக்காக அங்கே நாவல்களை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை கிராமபோன் தட்டுகளில் வாசித்துப் பதிந்து வைத்திருக்கிறார்களாம். கட்டிலில் படுத்தபடி மணிக்கணக்காகக் கேட்கிறார்களாம். காலையில் தபாலில் படித்தபோது, 'அட, நல்ல விஷயமே' என்று மடித்து வைத்துவிட்டேன். கான்ஸ்டபிள் வாசித்து முடித்து, "ஒப்பு" என்று கையெழுத்துப் போடும் கட்டத்தை விரலால் காட்டியபோதுதான் இரண்டும் ஒன்றோடொன்று போய் ஒட்டிக்கொண்டன. எதிர் வீட்டில் இருக்கும் கண் தெரியாத ராஜம் அக்காவுக்கு ஒரு நாவலை இப்படி வரவழைத்தால் என்ன?

யோசனையின் வேகத்தில் கையெழுத்தைத் தவறான கட்டத்தில் போட்டுவிட்டேன். புதுப் படிவம் வாங்கி மறுபடி வரிசையின் கடைசியில் நின்றேன். அதனால் ஒன்றும் கெட்டுப் போகவில்லை. அத்தானுக்கு எழுத வேண்டிய பதிலை மனதுக்குள் எழுதி முடிக்க நேரம் கிடைத்தது.

2

ஊரில் உள்ளவர்களுக்கு என் இருப்பிடத்தைப் பற்றி முன்பே எழுதியிருக்கிறேன். வலியசாலையில் கோயிலைச் சுற்றிய தமிழ்த் தெருக்களுக்குப் பின்னால், ஒரு மாடி அறை. கல்லூரி ஆய்வுக்கூடத்தில் பையன்களுக்குக் காந்தமும் கண்ணாடியும் காட்டுவது உத்தியோகம். அறைக்கு எதிர் வீட்டில் மங்களம் மாமியும் அவருடைய மகள் ராஜம் அக்காவும் இருக்கிறார்கள். மாமி பெண் குழந்தைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுப்பவர். அவர்கள் வீட்டு ரேடியோ ஒருநாள் கச்சேரியின் நடுவில் வாயை மூடிக்கொண்டது. நான் போய் அதைப் பேச வைத்தேன். அன்று முதல் அந்த வீட்டில் எனக்கு ஒரு டம்ளர் காப்பியும், 'சிலோன்' என்ற பெயரும் உண்டு.

"அது என்னடா, எதைக் கேட்டாலும் ஓம் ஓம்ங்கறே? ஹோமம் பண்றாப்பல இருக்கு" என்பார் மாமி.

"எங்கட ஊரிலை ஆமாவுக்கு அதுதான் மாமி."

"அப்போ இல்லேங்கறதுக்கு?"

"இல்லை எண்டுதான் சொல்லுவம்."

"அது மட்டும் எப்படியாக்கும் நம்ம பாஷையில வந்தது?" என்று கேட்டுவிட்டு மாமி உள்ளே போய்விடுவார்.

சிரிப்பது அவர் மட்டுமல்ல. தங்கச்சி போன மாதம் எழுதியிருந்தாள்: 'அண்ணை, உங்கட கடிதத்திலை பாதி மலையாளம். அம்மா அகராதி கேக்கிறா.' எனக்கு அது தெரியவே இல்லை. இங்கே மாமியின் பாட்டு மாணவிகளும் அப்படித்தான். பாட்டு தமிழில் இருக்கும், சண்டை மலையாளத்தில் நடக்கும். மாமி தமிழில் திட்டினால் மலையாளத்தில் மன்னிப்புக் கேட்பார்கள்.

ராஜம் அக்காவுக்கு இருபத்தேழு வயது. பதினேழு வயதில், பள்ளிக்கூடத்தில் ஆங்கிலத்தில் முதலாவதாக நின்ற வருடத்தில், காய்ச்சல் ஒன்று வந்து பார்வையைக் கொண்டுபோய்விட்டது. பத்து வருடமாக அவர் ஒரே விஷயத்தைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார். ஒரு பரீட்சைச் சபை தனியாகப் படிப்பவர்களுக்கு ஆங்கிலப் பரீட்சை நடத்துகிறது. அதில் தேறினால் வீட்டிலேயே வகுப்பு நடத்தலாம், சிறு பள்ளிக்கூடங்களிலும் எடுத்துக்கொள்வார்கள். அக்கா சொல்லச் சொல்ல எழுதுவதற்கு ஓர் ஆளை வைத்துக்கொள்ள சபை சம்மதிக்கிறது. ஆனால் விண்ணப்பத்தில் ஒரு வரி இருக்கிறது: பாடமாக வைத்த நாவலை விண்ணப்பதாரர் பிறர் உதவியின்றித் தாமே முழுவதும் படித்திருக்க வேண்டும். அந்த வரியில் வந்து மூன்று முறை விண்ணப்பம் திரும்பியிருக்கிறது.

"நான் வாசிச்சுக் காட்டட்டோ அக்கா?" என்று முன்பே ஒருமுறை கேட்டிருக்கிறேன்.

"வேண்டாம். முன்னே அண்ணா வாசிச்சான், டில்லிக்குப் போறதுக்கு முன்னாடி. அவனுக்குக் கொட்டாவி வந்தா கதை நின்னுடும். வர்ணனை வந்தா நாலு பக்கம் தாண்டிக் குதிப்பான், நான் கண்டுபிடிச்சுச் சண்டை போடுவேன். அடுத்தவாளுக்கு எப்போ ஒழியறதோ அப்போதான் நான் படிக்கணும்னா, அது நான் படிக்கறதாகாது, கேட்டியோ?"

அந்த வார்த்தைதான் போலீஸ் ஆபீஸ் வரிசையில் எனக்குள் முளைத்தது.

3

அத்தான் கெட்டிக்காரர். அவருடைய ஆஸ்பத்திரியில் ஒரு கிழவர் கேட்டுத் தேய்ந்த ஒரு செட், பதினான்கு தட்டுகள், அதே நாவல், கப்பலேறி வந்தது. வந்து சுங்கத்தில் மூன்று வாரம் கிடந்தது. புத்தகம் என்றால் ஒரு படிவம், இசைத்தட்டு என்றால் இன்னொரு படிவம். அத்தான் பார்சலின் மேல் 'புத்தகம்' என்று எழுதிவிட்டார். அதிகாரி கட்டைப் பிரித்தார், கறுப்புத் தட்டுகளைப் பார்த்தார், என்னையும் ஏற இறங்கப் பார்த்தார்.

"இது புத்தகமா?"

"ஓம், கேக்கிற புத்தகம்."

"என்ன பாட்டு?"

"பாட்டு இல்லை, கதை."

"யார் பாடினது?"

கடைசியில் 'இசைத்தட்டு, இசை இல்லாதது' என்று அவரே ஓர் இனத்தைக் கண்டுபிடித்து எழுதிக்கொண்டார். மூன்று வருடமாக 'வெளிநாட்டவர், தமிழ் பேசுபவர்' என்ற கட்டத்தில் இருக்கும் எனக்கு, அந்தத் தட்டுகளின் மேல் ஒரு பாசம் உண்டானது.

அன்று மாலையே எதிர் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். ராஜம் அக்கா ஒவ்வொரு தட்டையும் இரண்டு கையாலும் வாங்கி, நடுவில் ஒட்டிய காகிதத்தை விரலால் தடவினார். அதில் கண் தெரியாதவர்களுக்கான புள்ளிகள் மேடாக இருந்தன. கொஞ்ச நேரத்தில், "இது ஒண்ணு, இது ரெண்டு. எண்ணெல்லாம் எனக்குப் புரியறது" என்று வரிசையாக அடுக்கிவிட்டார். கண் உள்ள நான் அந்தக் காகிதத்தில் இருந்த எழுத்துகளைப் படிக்கவில்லை. அவசரம். மாமியின் பழைய சாவி கொடுக்கும் கிராமபோனில் முதல் தட்டை வைத்து, உருக்கு ஊசியை இறக்கினேன்.

வந்தது மனிதக் குரல் இல்லை. அணில் ஒன்று ஆங்கிலம் பேசியது. மாமி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார். "வெள்ளைக்காராள்லாம் ஆத்துல இப்படித்தான் பேசிப்பாளா?" என்றார். எனக்கும் சிரிப்பு. இன்னொரு தடவை வைத்தேன். மூன்றாம் தடவை தட்டின் ஓரத்தை விரலால் அழுத்தி மெதுவாக்கிப் பார்த்தேன். அணில் கரடியாகி மறுபடி அணிலாயிற்று.

அதற்குப் பிறகுதான் காகிதத்தைப் படித்தேன். சாதாரணத் தட்டு நிமிஷத்துக்கு எழுபத்தெட்டுச் சுற்று. இது இருபத்துநாலு. அவ்வளவு மெதுவாகச் சுற்றுவதால்தான் ஒரு பக்கத்தில் இருபத்தைந்து நிமிஷக் கதையை அடக்க முடிகிறது. கோடுகள் மயிரிழை போல நெருக்கம். உருக்கு ஊசி அவற்றை உழுது தள்ளியிருந்தது. முதல் தட்டின் முதல் பக்கம் சாம்பல் நிறத்தில் இருந்தது.

"என்ன ஆச்சு, பேச்சே காணும்?" என்று ராஜம் அக்கா கேட்டார்.

"முதல் தட்டு கப்பலிலை வரேக்கை பழுதாப் போச்சுப் போல, அக்கா."

இப்படி ஒரு பொய்யைச் சொல்வேன் என்று அதைச் சொல்லும் வரை எனக்கே தெரியாது. அக்கா தட்டை வாங்கி நகத்தால் ஒரு தடவை தடவிவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

4

இருபத்துநாலு சுற்று ஓடும் இயந்திரம் இந்த ஊரில் கிடையாது. சாலைக் கடைத்தெருவில் கேட்டால், "அப்படி ஒண்ணு இல்லா" என்று என்னையே சந்தேகமாகப் பார்த்தார்கள். சரி, நாமே செய்வோம் என்று இறங்கினேன். கிராமபோனின் மோட்டாரைக் கழற்றினேன். மாமி வீட்டுப் பரணில் ஒரு ராட்டை இருந்தது, யுத்த காலத்தில் நூல் நூற்றது. அதன் பெரிய சக்கரத்துக்கும் தட்டுச் சுழலும் மேடைக்கும் ஒரு நூல் கயிற்றைப் பூட்டினேன். இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு. கைப்பிடியை ஒரு சுற்றுச் சுற்றினால் தட்டும் ஒரு சுற்று. ஓட்டம் குதிக்காமல் இருப்பதற்காக மேடையின் மேல் ஒரு கனத்த பித்தளைத் தாம்பாளம். உருக்கு ஊசிக்குப் பதில் நாரத்தை முள். அதன் நடுக்கத்தை ரேடியோவுக்குள் அனுப்பும் சின்னத் தலை ஒன்றை மட்டும் கடையில் வாங்கினேன்.

மிச்சம் இருந்தது சுற்றும் கை. நான் சுற்றினால் குரல் ஊஞ்சலாடியது. கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு சுற்றினால் இன்னும் மோசம். பத்து நிமிஷம் பொறுத்துப் பார்த்த மாமி, "எத்தனை தடவை சுத்தணும், சொல்லு" என்றார்.

"நிமிசத்துக்கு இருபத்துநாலு."

மாமி கண்ணை மூடித் தொடையில் தட்டிப் பார்த்தார். "ஒரு ஆதி தாளத்துக்கு ரெண்டு சுத்து. நிமிஷத்துக்குப் பன்னண்டு ஆவர்த்தனம். அவ்வளவுதானே? தள்ளு."

கடிகாரத்தைப் பிடித்துப் பார்த்தேன். ஐந்து நிமிஷத்துக்கு ஒரு சுற்றுக்கூடப் பிசகவில்லை. ரேடியோவிலிருந்து ஒரு மனிதர் வந்தார். நடுத்தர வயது இருக்கும், தொண்டையில் கொஞ்சம் கரகரப்பு. அவசரமே இல்லாத ஆள். ராஜம் அக்கா எழுந்து ரேடியோவுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டார்.

இரண்டாம் நாள் மாமி தாளத்தையும் விட்டுவிட்டார். "எதுக்கு எண்ணணும்? இவன் ஒவ்வொரு வரியையும் ஒரே இடத்துல கொண்டு வந்து இறக்கறான். அதாக்கும் அவன் ஷட்ஜம். அது இறங்கித்துன்னா நான் மெதுவாச் சுத்தறேன்னு அர்த்தம். ஏறித்துன்னா வேகம்." ஆய்வுக்கூடத்தில் நான் ஒரு மணி நேரம் கரும்பலகையில் விளக்கும் விதியை, ஓர் ஆங்கில வார்த்தை தெரியாத மாமி கையால் சொல்லிவிட்டார்.

ஆனால் ஐந்தாம் பக்கத்தில் ஒரு விசித்திரம் நடந்தது. கதாநாயகி மார்த்தா பேசத் தொடங்கினால் போதும், குரல் கனத்து, இழுத்து, ஏதோ நோயாளி போல ஆகிவிடும். மற்றவர்கள் பேசும்போது சரியாக இருந்தது. முள்ளை மாற்றினேன், கயிற்றை மாற்றினேன். ராஜம் அக்காதான் கண்டுபிடித்தார்.

"அம்மா, அந்தப் பொண்ணு பேசறச்சே நீ என்ன பண்றே?"

"அவன் ஸ்ருதி விட்டுடறான்டி. மேலே போயிடறான். நான் இழுத்துப் பிடிச்சுக் கீழே கொண்டு வரேன்."

"அது ஸ்ருதி விடறது இல்லே. பொம்மனாட்டி மாதிரிப் பேசறான்."

"ஓ" என்றார் மாமி. "அதுக்குன்னு ஒரு அளவு வேண்டாமோ?"

அன்றிலிருந்து மார்த்தாவுக்கு மாமி இடம் கொடுத்தார். ஆனாலும் அவள் ரொம்ப உயரப் போனால் மாமியின் புருவம் சுருங்கும்.

5

தினமும் மாலை, பாட்டு வகுப்பு முடிந்ததும் ஒரு பக்கம். சில நாள் இரண்டு. ஏதாவது பிடிபடாவிட்டால் அக்கா கையைத் தூக்குவார். மாமி நிறுத்துவார். முள்ளை ஒரு நூலளவு பின்னே வைத்தால், அந்த மனிதர் கோபமில்லாமல் அதையே மறுபடி சொல்வார். "பார்த்தியா, இவனுக்குக் கொட்டாவியே வரல்லே" என்று அக்கா ஒருநாள் சொன்னார். பத்து வருடம் கழித்து அவர் ஒரு புத்தகத்தைத் தன் விருப்பத்துக்குத் திருப்பிப் படித்தார்.

முதல் அத்தியாயம் மட்டும் இல்லை. நூலகப் பிரதியை வாங்கி வந்து அதை நான் வாசிப்பதாகச் சொன்னேன். குற்றம் உறுத்தியது.

"வேண்டாம். நீயும் படிக்காதே. சத்தியம் பண்ணு. அதுல என்ன இருந்திருக்கும்னு நானே கண்டுபிடிக்கறேன்."

கண்டுபிடித்தும் விட்டார். இரண்டாம் பக்கம் தொடங்கும்போது ஒரு சின்ன ஊரில் மழை பெய்து ஓய்ந்திருக்கிறது. மார்த்தாவும் அவள் தாயும் கறுப்பு உடையில் இருக்கிறார்கள். மார்த்தா கையில் ஒரு சாவி. ஊரார் வந்து தாழ்ந்த குரலில் இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போகிறார்கள். தகப்பனைப் பற்றிப் பேச்சு வந்தால் தாய் எழுந்து போய்விடுகிறாள். "மழை, ஒரு சாவு, ஒரு சாவி. அப்பா போயிட்டார். முதல் தட்டுல அதுதான் இருக்கும்" என்றார் அக்கா. எனக்கும் அப்படித்தான் பட்டது.

இப்படி மூன்று பேர் ஒரு குரலைச் சுற்றி உட்கார்ந்திருப்பது எனக்குப் புதிதில்லை. நம் ஊர்க் கோயிலில் புராணப் படிப்பு நடக்கும்போது ஒருவர் ஏட்டைப் பார்த்துச் செய்யுளை வாசிப்பார், பக்கத்தில் இருப்பவர் பயன், அதாவது பொருள், சொல்வார். சனங்கள் கேட்பார்கள். முடிந்து வீட்டுக்கு வரும்போது யாரும் 'கேட்டோம்' என்று சொல்வதில்லை. 'இந்த வருசமும் புராணம் படிச்சு முடிஞ்சுது' என்பார்கள். படித்தது ஒருவர், முடித்தது ஊர். சின்ன வயதில் அது எனக்குச் சாதாரணமாக இருந்தது. ராட்டை சுற்றுகிற மாமியைப் பார்க்கும்போதுதான், அது எவ்வளவு வினோதமான பேச்சு என்று தோன்றியது.

பன்னிரண்டாம் தட்டில் அது நடந்தது. மார்த்தாவின் வீடு, மாலை நேரம், தாய் நோயில் கிடக்கிறாள். அந்த வாசிப்பாளர் ஒரு நிமிஷம் பேச்சை நிறுத்திவிட்டு, மேசையிலோ எதிலோ மூன்று முறை தட்டினார். டக், டக், டக்.

மாமி கைப்பிடியை விட்டுவிட்டு எழுந்தார். "யாரோ வந்திருக்கா" என்று வாசற்கதவைத் திறக்கப் போய்விட்டார். குரல் சறுக்கிக் கொண்டு கீழே போய், பாதாளத்தில் ஒரு முனகலாகி நின்றது.

"அம்மா, வா. நம்மாத்துல இல்லே, அவாத்துல. சுத்து, சீக்கிரம் சுத்து."

மாமி வந்து உட்கார்ந்து சுற்றினார். மார்த்தா கதவைத் திறந்தாள். வெளியே அவளுடைய அப்பா நின்றார்.

ராஜம் அக்கா என் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் நகம் பதிந்துவிட்டது. நானும் ரேடியோவின் பக்கம் குனிந்துவிட்டேன். இறந்துபோன மனிதர், நனைந்த தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, உள்ளே வரலாமா என்று கேட்கிறார்.

"என்னடி ஆச்சு? ரெண்டு பேரும் ஏன் இப்படி இருக்கேள்?" என்றார் மாமி, கையை நிறுத்தாமல்.

"அப்புறம் சொல்றேன்மா. சுத்து."

6

விண்ணப்பத்தோடு மூவரும் பரீட்சைச் சபைக்குப் போனோம். அங்கே சூப்பிரண்டு ஒரு மலையாளி. நடுத்தர வயது, நெற்றியில் சந்தனம். தமிழர்களிடம் தமிழும் மலையாளமும் கலந்து பேசுவார். நாங்கள் தட்டு, ராட்டை, முள் என்று சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். பிறகு அந்த வரியில் பேனாவை வைத்தார்.

"கேட்டதல்லே? வாயிச்சதில்லல்லோ?"

இங்கே வாயிப்பது என்றால் படிப்பது. சுங்கத்தில் புத்தகம் அல்ல, தட்டு என்றார்கள். இங்கே தட்டு போதாது, புத்தகம் வேண்டும் என்கிறார்கள். நான் கோயில் புராணப் படிப்பைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன். அவர் கையமர்த்திவிட்டு ராஜம் அக்காவைப் பார்த்தார். "நான் இந்த நாவல் வாயிச்சிட்டுண்டு. ஒரு கேள்வி கேக்கட்டே? மார்த்தாவோட அச்சன் எப்போ மரிச்சார்?"

"கதை தொடங்கறதுக்கு முன்னாடியே போயிட்டார். அப்படின்னுதான் இருந்தது. பின்னே பன்னண்டாவது தட்டுல திரும்பி வந்துட்டார்."

சூப்பிரண்டு பேனாவை மூடினார். "அவர் மரிக்கவே இல்லை. முதல் அத்தியாயத்துலயே சொல்லியிருக்கு. ஊரை விட்டு ஓடிப் போனார். மானம் போகக் கூடாதுன்னு அம்மையும் மகளும் கறுப்புடுத்து மரிச்சதாக் காட்டினார்கள். அது அறியாத ஆள் இந்தப் புத்தகம் வாயிச்சிட்டே இல்லை. யாரோ பாதிக் கதை சொல்லிக் கொடுத்திருக்கு."

விண்ணப்பத்தை மடிக்கத் தொடங்கினார். நான்காவது முறை. மாமி என்னைப் பார்த்தார். அவருக்கு ஆங்கில நாவல் தெரியாவிட்டாலும், காகிதம் மடிகிற விதம் தெரியும்.

"சார், முதல் தட்டு கேக்கேலாது. பழுது" என்றேன். "நான்தான் பழுதாக்கினது. ஊசி மாறி வைச்சு, மூண்டு தரம். கப்பலிலை போனதெண்டு அக்காவுக்குப் பொய் சொல்லிப்போட்டன். அவ மற்ற எல்லாத்தையும் தானே கேட்டுப் படிச்சவ. குறை என்ரை."

ராஜம் அக்கா என் பக்கம் திரும்பாமலே சொன்னார்.

"எனக்கு அன்னிக்கே தெரியும்டா. நீ வைக்கறதுக்கு முன்னே அந்தத் தட்டு பட்டாட்டம் இருந்தது. மூணு தடவைக்கு அப்புறம் உப்புத்தாள். என் கை பொய் சொல்லுமா?"

"பின்னை ஏன் அக்கா சொல்லேல்லை?"

"குத்தம் பண்ணினவா நன்னா வேலை செய்வா. நீ ராட்டையெல்லாம் பூட்டி முடிக்கட்டும்னு விட்டேன்."

மாமி "ஹும்" என்றார். அந்தச் சத்தம் என்னை நோக்கியா மகளை நோக்கியா என்று இன்றுவரை தெரியவில்லை.

சூப்பிரண்டு காகிதத்தை மடிப்பதை நிறுத்தியிருந்தார். "அப்போ," என்றார் மெதுவாக, "அச்சன் கதவைத் தட்டும்போள், அவர் மரிச்ச ஆள்னுதான் நினைச்சீங்களா?"

"ஆமாம்."

"எப்படி இருந்தது?"

ராஜம் அக்கா சொன்னார். நனைந்த தொப்பியையும், உள்ளே வரலாமா என்ற கேள்வியையும், கதவைப் பிடித்த மார்த்தாவின் கையையும் சொன்னார். கறுப்பு உடைகளையும், எழுந்து போகும் தாயையும் அந்த மூன்று தட்டலுக்குப் பிறகு திரும்பிப் போய்ப் பார்த்தால் எல்லாம் வேறாகத் தெரிவதையும் சொன்னார். சூப்பிரண்டுக்கு வந்த தேநீர் ஆடை கட்டிவிட்டது. கேள்விகள் வந்துகொண்டே இருந்தன. அவை பரீட்சைக் கேள்விகள் அல்ல.

"நான் காலேஜில் வாயிச்சது" என்றார் கடைசியில். "நாலாம் பக்கத்திலேயே எனக்குத் தெரியும், அவர் வருவார்னு. வந்தார். ஞான் அடுத்த பக்கம் திருப்பினேன். அவ்வளவுதான்."

பிறகு பேனாவைத் திறந்து அந்த வரியின் பக்கத்தில் தன் கையாலேயே எழுதினார். முதல் அத்தியாயம் நீங்கலாக நாவல் முழுவதையும் விண்ணப்பதாரர் கேட்டுப் படித்திருக்கிறார். பரீட்சைக்கு முன் அதையும் படித்துவிட வேண்டும். எழுதும் ஆளை வைத்துக்கொள்ள அனுமதி. "பரீட்சையில் மட்டும் அவர் மரிச்சார்னு எழுதக் கூடாது" என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். சரியான இடத்தில்.

7

நூலகப் பிரதி இப்போது என் மேசையில் இருக்கிறது. சத்தியத்தைக் காப்பாற்றி இன்னும் திறக்கவில்லை. சூப்பிரண்டு சொன்னது வரைதான் தெரியும். பரீட்சைக்கு ஆறு வாரம். அந்த அத்தியாயத்தை அக்காவுக்கு நான் வாசித்தே ஆக வேண்டும், கொட்டாவி விடாமல். அக்காதான் தள்ளிப் போடுகிறார். அதற்குக் காரணம் மாமி.

சபையிலிருந்து வந்த அன்று மாமி காலை நீட்டி உட்கார்ந்து, வலது தோளைத் தேய்த்துக்கொண்டே கேட்டார். "ஏண்டி, பதினாலு பிளேட்டு சுத்தியிருக்கேன். அவன் எங்கே மூச்சு விடுவான், எங்கே தொண்டையைக் கனைப்பான், எல்லாம் எனக்குத் தெரியும். கதை என்னன்னுதான் தெரியாது. சபையில நீங்க அதைப் பேசினப்போகூட ஒண்ணும் காதுல ஏறல்லே, கண்ணெல்லாம் அந்தக் காகிதத்து மேலேயே இருந்தது. அன்னிக்குக் கதவைத் தட்டினது யாராக்கும்?"

எனக்கு வெட்கமாக இருந்தது. தோராயமாகப் பன்னிரண்டு மணி நேரக் கதையை ஒருவர் கையால் ஓட்டியிருக்கிறார், அதில் ஒரு வரியை அவருக்கு யாரும் சொல்லவில்லை. எங்கள் கோயிலில் பயன் சொல்ல ஆள் இல்லாமல் புராணம் தொடங்கவே மாட்டார்கள்.

எங்கள் கல்லூரிக்குப் போன வாரம் நாடாவில் குரலைப் பதியும் இயந்திரம் ஒன்று வந்திருக்கிறது. அதைத் தொடுவதற்கு இரண்டு படிவம், வெளியே கொண்டுபோக மூன்று. ஐந்தையும் நிரப்பிக் கொடுத்துவிட்டேன், கையெழுத்துகளை இரண்டு முறை சரிபார்த்து. வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை முதல் மாலை வரை அது எங்கள் வசம். ராஜம் அக்கா நாவல் முழுவதையும் தமிழில் சொல்லப் போகிறார். நான் வாசிப்பாளராக இருக்கட்டுமா என்று கேட்டதற்கு, "நீ சொன்னா அம்மாவுக்கு இங்கிலீஷே தேவலைன்னு ஆயிடும்" என்று பதில் வந்தது. ஆகவே எனக்கு நாடாவை மாற்றும் வேலை மட்டும். பதிந்தது சரியாக வந்தால், தெருவில் கண் தெரியாத இன்னும் இரண்டு பேர் இருக்கிறார்கள், அவர்கள் வீட்டுக்கும் கொண்டுபோகலாம்.

"எந்தக் கதையைச் சொல்லப் போறியள் அக்கா? அப்பா ஓடிப் போனதெண்டு முதலே சொல்லுவியளோ?"

"முதல்லேயே சொல்லிட்டா எப்படி? அம்மா மறுபடியும் எழுந்து போய்க் கதவைத் திறக்க வேண்டாமோ?" என்றார் அக்கா. "முதல் தட்டு இல்லாமத்தான் சொல்லுவேன். அது முடிஞ்சதும் நீ புஸ்தகத்தைத் திற."

அந்த மூன்று தட்டலுக்கு எதைப் பயன்படுத்துவது என்று வீட்டில் இருக்கும் பலகைகளையெல்லாம் தட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். ராட்டையின் பெரிய சக்கரத்தைக் கழற்றி அதன் அடிப்பலகையைத் தட்டினால் நன்றாக வருகிறது. ஞாயிற்றுக்கிழமை மாமியின் கைக்கு ஒரு வேலையும் இல்லை. இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு கேட்பார்.